பிள்ளைகளோடு ராமேஸ்வரம் போறீங்களா? தனுஷ்கோடியைக் காலையிலேயே முடிச்சிடுங்க

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். பெரும்பாலானவங்க முதல்ல கோயில், மதியம் தனுஷ்கோடின்னு திட்டம் போடுவாங்க. சின்னப் பிள்ளைங்க இருந்தா அதைத் திருப்பிப் போடுங்க. 1964 புயல்ல அழிஞ்ச ஊர் தனுஷ்கோடி. ஒதுங்க நிழல் கிடையாது, உச்சி வெயில்ல மணல் காலைப் பொசுக்கிடும்.

நாங்க விடியக்காலை நாலு மணிக்கே, பிள்ளைகளைத் தூக்கத்தோட தூக்கிக் கார்ல போட்டுக் கிளம்பிட்டோம். பாம்பன்ல எழுப்பிவிட்டா போதும். 2025-ல திறந்த புது ரயில் பாலத்தோட நடுப்பகுதி கப்பல் போக அப்படியே மேலே தூக்கும்னு சொன்னதும் என் மகனுக்குத் தூக்கம் பறந்துபோச்சு.

தனுஷ்கோடி தாண்டி நிலம் முடியுற அரிச்சல்முனையில கடலைப் பார்க்கிறதோட சரி. நீரோட்டம் இழுக்கும், பிள்ளைகளைத் தண்ணியில இறக்கவே இறக்காதீங்க.

ஒரு பவுடர் டப்பா கட்டாயம் எடுத்துக்கோங்க. கரையில அலை நனைச்ச காலைத் துண்டால ஒத்திட்டுப் பவுடரைத் தூவித் தட்டினா, ஒட்டின மணல் பொலபொலன்னு உதிர்ந்திடும். தண்ணியும் மிச்சம், கார் சீட்டும் தப்பிச்சது. ஈரத்துணிக்குத் தனியா ஒரு மஞ்சப்பை.

மதியம் கோயில் நடை சாத்தியிருக்கும், அந்த நேரம் அறையில தூங்க விடுங்க. சாயங்காலம் மூணாம் பிரகாரத்துல விட்டா, தூணை எண்ணிக்கிட்டே நடப்பாங்க. எங்க பாப்பா நூறு வரைக்கும் எண்ணிட்டு, மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சா.