மலைப்பள்ளிக்கு உதவச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கும் சேர்வராயன் மலைக் கிராமங்களுக்கும் சென்று அரசுப் பள்ளிகளுக்கு உதவுவோரின் நல்லெண்ணத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால், பள்ளியில் கேட்பதற்கு முன்பே பொருளை வாங்கிவிடுவதால் அந்த உதவியில் பெரும்பகுதி வீணாகிறது.

கழிப்பறையையே எடுத்துக்கொள்வோம். சுவரில் ஓடு பதித்து, நன்கொடையாளர் பெயரைக் கல்வெட்டாகப் பொறித்துத் திறந்தும் வைத்துவிடுவார்கள். மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்ற மோட்டாரும், நாள்தோறும் கழுவிவிடுபவருக்குக் கூலியும் இல்லையென்றால், சில மாதங்களிலேயே கதவில் பூட்டுத் தொங்கும். பெண்பிள்ளைகள் வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக ஒன்றைக் கட்டுவதைவிட, இருப்பதற்குத் தண்ணீர் வரச்செய்து பராமரிப்புச் செலவை ஏற்பதே மேல்.

இதைவிடப் பெரிய தவறு, ஆசிரியரின் நேரத்தைப் பறிப்பது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களே உண்டு. ஐந்து வகுப்புகளையும் அந்த இருவரே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பயிற்சிக்காக மலையிறங்கினால், மற்றவர் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்தை எழுதிக் கொடுத்துவிட்டு ஐந்தாம் வகுப்பின் கணக்குக்கு ஓடுகிறார். அத்தகைய பள்ளியில் வேலை நாளன்று நோட்டுப் புத்தகம் வழங்கும் விழா வைத்து, ஒத்திகை, வரவேற்பு, புகைப்படம் என்று ஒரு நாள் பாடத்தைக் கெடுப்பது எந்த வகையிலும் உதவியாகாது.

பிள்ளைகள் வராததற்குப் பெற்றோரின் அக்கறையின்மைதான் காரணம் என்று முடிவுகட்டுவதும் தவறு. நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். தாயும் தந்தையும் விடியும்போதே தோட்டத்துக்குக் கிளம்பிவிட, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நின்றுவிடுகிறாள். 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டம் பசிக்கு விடை தந்தது. வீட்டிலிருக்கும் கைக்குழந்தைக்கு அது விடையாகாது. பறிப்புக் காலத்தில் ஊரிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்துவதும், விடுபட்ட பாடங்களை மாலையில் சொல்லித்தர உள்ளூரில் படித்த பெண் ஒருவருக்கு மாத ஊதியம் தருவதும் பைகளும் பேனாக்களும் தருவதைவிடப் பயனுள்ளவை.

இவற்றையெல்லாம் பள்ளி மேலாண்மைக் குழுவைத் தாண்டித் தலைமையாசிரியருடன் மட்டும் பேசி முடிப்பது வழக்கமாகிவிட்டது. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையிலோ பல இடங்களில் அவர்கள் பதிவேட்டில் கையெழுத்திடுவதோடு சரி. கூட்டத்தைப் பகலில் வைத்தால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யாரால் வர முடியும்? தோட்ட வேலை முடிந்து திரும்பும் மாலை நேரத்தில் கூட்டி, செலவுக் கணக்கை அவர்கள் முன் படித்துக் காட்டி, அடுத்து எதைச் செய்வது என்பதை அவர்களையே முடிவுசெய்யச் சொல்ல வேண்டும்.