ஒற்றைப் பலகைக் கணினியில் மெமரி கார்டை முழு வேகத்தில் ஓட வைத்தல்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே போனால் வரும் நிலாவெளியில் ஒரு வாசிகசாலை. அங்கே ஒரு சிறிய அலுமாரிக்குள் சீட்டுக்கட்டு அளவிலான லினக்ஸ் பலகை ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். அதன் 64 ஜிபி மெமரி கார்டில் வருடி எடுத்த பழைய புத்தகங்களும் கடந்தகாலப் பரீட்சை வினாத்தாள்களும் இருக்கின்றன. இணையம் தேவையில்லை, அறைக்குள் வைஃபையில் இணைந்தால் போதும். ஆனால் மாலையில் பிள்ளைகள் பத்துப் பேர் ஒரே நேரத்தில் வினாத்தாளைத் திறந்தால் பக்கம் வருவதற்குள் அவர்கள் பொறுமை இழந்துவிடுவார்கள். கார்டின் முகத்தில் 100 என்று அச்சிட்டிருந்தது. அளந்து பார்த்தபோது வினாடிக்கு 23 மெகாபைட்தான் வந்தது.

கார்ட் பழுதாகவில்லை. பலகைக்கும் அதைவிட வேகம் உண்டு. அந்த வேகம் இருப்பதை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான். சொல்லிக்கொடுப்பதற்கு ஐந்தாறு வரிகள் போதும். ஆனால் அந்த வரிகளை எழுதும் முன்னும் பின்னும் பார்க்க வேண்டியவை அதிகம்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பின்படி எழுதுகிறேன். தட்டச்சிடும்போது அவை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இருக்க வேண்டும். நான் பயன்படுத்துவது ஆர்கே3399 சிப் உள்ள பலகை, இயங்குதளம் ஆர்ம்பியன். ராஸ்பெரி பை வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை தேவைப்படாது. பை 4 தானாகவே டிடிஆர்50 என்ற வேக முறையிலும், பை 5 எஸ்டிஆர்104 என்ற வேக முறையிலும் ஓடும். பை 3 இலும் அதற்கு முந்தியவற்றிலும் இதற்குத் தேவையான 1.8 வோல்ட் வசதியே இல்லை.

முதல் படி: இப்போது என்ன வேகம்?

கெர்னலின் செய்திகளைக் காட்டும் டி-எம்-ஈ-எஸ்-ஜி என்ற கட்டளையை, நிர்வாகி உரிமை தரும் சூடோவுடன் இயக்கி, வருவதில் எம்எம்சி என்ற சொல்லைத் தேடுங்கள். கார்டைக் கண்டறிந்த வரியில் வெறும் 'ஹை ஸ்பீட்' என்று மட்டும் இருந்தால் பழைய வேகம். 'அல்ட்ரா ஹை ஸ்பீட் எஸ்டிஆர்104' என்று இருந்தால் உங்களுக்கு இங்கே வேலை இல்லை.

இன்னும் துல்லியமாகப் பார்க்க ஒரு கோப்பு உண்டு. சிஸ் என்ற கோப்புறைக்குள் கெர்னல், அதற்குள் டீபக், அதற்குள் எம்எம்சி1, அதற்குள் ஐஓஎஸ். சில பலகைகளில் கார்டின் எண் 0 ஆக இருக்கும். அந்தக் கோப்பைத் திறந்தால் எனக்கு மூன்று வரிகள் கண்ணில் பட்டன: கடிகாரம் 50000000 ஹெர்ட்ஸ், முறை எஸ்டி ஹை ஸ்பீட், சமிக்ஞை மின்னழுத்தம் 3.30 வோல்ட்.

கணக்கு எளிது. கார்டுக்கும் சிப்புக்கும் நடுவே தரவு செல்வது நான்கு கம்பிகளில். கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்பிலும் நான்கு பிட்டுகள் போகும். 50 மெகாஹெர்ட்ஸை நான்கால் பெருக்கி எட்டால் வகுத்தால் வினாடிக்கு 25 மெகாபைட். நான் அளந்த 23 அந்த உச்சத்தைத் தொட்டுக்கொண்டுதான் நின்றது. யுஎச்எஸ்-1 என்ற வகையில் எஸ்டிஆர்50 முறை 100 மெகாஹெர்ட்ஸில் 50 மெகாபைட்டும், எஸ்டிஆர்104 முறை 208 மெகாஹெர்ட்ஸில் 104 மெகாபைட்டும் தரும். இந்த வேகங்களில் சமிக்ஞை 3.3 வோல்ட்டில் ஓடாது, 1.8 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும். முழு விஷயமும் இந்த இறக்கத்தில்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: பலகையால் முடியுமா?

இதைத் தாண்டிப் போகாதீர்கள். கார்டின் மேல் ரோமன் எண் ஒன்று இருந்தால் கார்ட் தயார். பலகையைப் பற்றி அறிய, டிவைஸ் ட்ரீயைப் பாருங்கள். பலகையில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் பட்டியல் அது. இப்போது பயன்பாட்டில் இருக்கும் டிவைஸ் ட்ரீயை டிடிசி என்ற கருவியால் படிக்கும் வடிவில் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளீட்டு வகை எஃப்எஸ். இடம் ப்ராக் கோப்புறைக்குள் இருக்கும் டிவைஸ்-ட்ரீ. கிடைக்கும் கோப்பில் கார்டுக்குரிய கணுவை, அதாவது கார்டை விவரிக்கும் பகுதியை, தேடுங்கள். ஆர்கே3399 இல் அதன் பெயரின் முடிவில் எஃப்ஈ320000 என்ற முகவரி இருக்கும்.

அதற்குள் விக்யூஎம்எம்சி-சப்ளை என்ற வரி இருக்கிறதா? சமிக்ஞைக்கு மின்னழுத்தம் தரும் ரெகுலேட்டர் எது என்று காட்டும் வரி அது. அதன் எதிரே ஓர் எண் இருக்கும். பிஹேண்டில் என்ற வரியில் அதே எண்ணைக் கொண்ட ரெகுலேட்டரைத் தேடிப் பிடியுங்கள். அதன் குறைந்தபட்ச மின்னழுத்தம் மைக்ரோவோல்ட்டில், பதினாறடிமான எண்ணாக எழுதப்பட்டிருக்கும். 0எக்ஸ்1பி7740 என்றால் 18 லட்சம், அதாவது 1.8 வோல்ட். நமக்கு வேண்டியது அதுதான். குறைந்ததும் கூடியதும் இரண்டுமே 0எக்ஸ்325ஏஏ0 என்றிருந்தால் ரெகுலேட்டர் 3.3 வோல்ட்டை விட்டு அசையாது. அந்தப் பலகையில் வேலையை இத்துடன் நிறுத்திவிடுங்கள். கார்டின் கணுவில் நோ-1-8-வி என்ற வரி இருந்தாலும் அப்படியே. பலகையைத் தெரிந்தவர்கள் காரணத்தோடுதான் அதை வைத்திருப்பார்கள்.

மூன்றாம் படி: வரிகளை எழுதுதல்

கார்டை முழுமையாகப் படியெடுத்து வேறொரு கணினியில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

மூல டிவைஸ் ட்ரீயில் கை வைக்காமல், மேலே ஓர் ஓவர்லே, அதாவது மூலத்தின் மேல் சேரும் சிறு திருத்தக் கோப்பு, போடுவதே தொடக்கநிலையாளருக்கு நல்லது. யுஎச்எஸ்.டிடிஎஸ் என்று ஒரு கோப்பைத் திறங்கள். முதல் வரியில் இரு சாய்கோடுகளுக்கு நடுவே டிடிஎஸ்-வி1. இரண்டாம் வரியில் அதே போல் பிளகின். இரண்டும் அரைப்புள்ளியில் முடியும். மூன்றாம் வரியில் ஆம்பர்சண்ட் குறி, அதை ஒட்டி எஸ்டிஎம்எம்சி, பிறகு நெளிவு அடைப்பு. உள்ளே எஸ்டி-யுஎச்எஸ்-எஸ்டிஆர்50 என்று எழுதி அரைப்புள்ளி இடுங்கள். இதற்கு மதிப்பு எதுவும் கொடுக்க வேண்டாம். வரி இருந்தாலே 'முடியும்' என்று பொருள். அடைப்பை மூடி மறுபடி ஓர் அரைப்புள்ளி. அரைப்புள்ளி ஒன்று விடுபட்டாலும் கோப்பு தொகுக்கப்படாது.

இனி சூடோவுடன் ஆர்ம்பியன்-ஆட்-ஓவர்லே என்ற கட்டளைக்கு இந்தக் கோப்பைக் கொடுங்கள். அது கோப்பைத் தொகுத்து, பூட் கோப்புறையில் உள்ள ஆர்ம்பியன்என்வி.டிஎக்ஸ்டி கோப்பில் யூசர்_ஓவர்லேஸ் என்ற வரியைச் சேர்க்கும். அந்தக் கோப்பின் பெயரில் 'என்வி'யின் முதலெழுத்து மட்டும் பேரெழுத்து. பலகை எழும்பாமல் போனால் கார்டை வேறொரு லினக்ஸ் கணினியில் செருகி அந்த ஒரு வரியை அழித்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இப்போது பலகையை நிறுத்தி, மின்செருகியைக் கழற்றி, மீண்டும் கொடுங்கள். ஐஓஎஸ் கோப்பில் எஸ்டிஆர்50 என்றும் 1.80 வோல்ட் என்றும் வந்துவிட்டால், இரண்டு நாட்கள் ஓடவிட்டு, ஓவர்லேயில் எஸ்டி-யுஎச்எஸ்-எஸ்டிஆர்104 வரியையும் சேருங்கள். ஆர்கே3399 பலகைகளில் கடிகாரத்தின் உச்சம் பெரும்பாலும் 150 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதப்பட்டிருக்கும். ஆகவே எதிர்பார்க்கக்கூடிய உச்சம் 104 அல்ல, 75. எச்டிபார்ம் கருவியால் அளந்தபோது எனக்கு 60 ஐத் தாண்டியது. பெரிய கோப்புகளைப் படிப்பதில்தான் இந்த மாற்றம் தெரியும். சிறு சிறு கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிப்பதில் அவ்வளவாகத் தெரியாது.

பிழைகளைப் பார்த்தல்

டி-எம்-ஈ-எஸ்-ஜி வெளியீட்டில் கழித்தல் 84 என்ற பிழை வந்தால், தரவு வழியில் சிதைகிறது என்று பொருள். உடனே கார்டை மாற்ற ஓட வேண்டாம். கடலோரத்தில் கார்டின் பொன்னிறத் தகடுகள் மங்கிப்போகும். வாசிகசாலைக் கார்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது எட்டுத் தகடுகளில் இரண்டின் மேல் புகை படிந்தது போல ஒரு படலம் தெரிந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் போட்ட பிறகு பிழை நின்றது. பழைய 50 மெகாஹெர்ட்ஸில் அந்தப் படலம் யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கிறது. துடைத்தும் பிழை வந்தால் எஸ்டிஆர்104 வரியை எடுத்துவிட்டு எஸ்டிஆர்50 உடன் இருங்கள். பிள்ளைகளின் புத்தகங்களைப் பணயம் வைத்து வேகம் தேட வேண்டாம். பெரிய கோப்பொன்றை வெளியிலிருந்து கார்டுக்குப் படியெடுத்து, பலகையை நிறுத்தி எழுப்பி, இரண்டு பிரதிகளின் எம்டி5 எண்களையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்கள்) ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசிப் படி: மின்சாரத்தை நிறுத்தாமல் மறுதொடக்கம்

இதை நான் சோதிக்கத் தவறினேன். எல்லாம் சரியாக ஓடியது. அலுமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வாரத்துக்கு ஒருமுறை அதிகாலையில் பலகை தானாக மறுதொடக்கம் ஆகும்படி வைத்திருந்தேன். அடுத்த நாள் மாலை அங்கே படிக்கும் தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்: "அண்ணா, சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள்." நிலாவெளி பஸ்ஸைப் பிடித்துப் போய், அலுமாரியைத் திறந்து செருகியைக் கழற்றிச் செருகினேன். உடனே எழும்பியது.

காரணம் இதுதான். ஒருமுறை 1.8 வோல்ட்டுக்கு இறங்கிய கார்ட், அதற்கு வரும் மின்சாரம் நின்றால் ஒழிய 3.3 க்குத் திரும்பாது. மறுதொடக்கத்தில் சிப் முதலிலிருந்து தொடங்கி 3.3 வோல்ட்டில் பேசும். கார்டோ இன்னும் 1.8 இல் நிற்கும். கார்டின் கணுவில் விஎம்எம்சி-சப்ளை காட்டும், கார்டுக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டரில் ரெகுலேட்டர்-ஆல்வேஸ்-ஆன் (எப்போதும் அணையாது) என்று இருந்தால் இந்தச் சிக்கலை எதிர்பார்க்கலாம். எஸ்டிஆர்50 க்கு இறக்கினாலும் தீராது, அதுவும் 1.8 வோல்ட்தான். ஆகவே பலகையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ரீபூட் கட்டளையை மூன்று தடவையாவது கொடுத்துப் பாருங்கள்.

நான் வேகத்தை விட்டுக்கொடுக்கவில்லை. வாராந்த மறுதொடக்கத்தை எடுத்துவிட்டேன். மின்வெட்டு வந்தால் கவலையில்லை, அப்போது கார்டுக்கும் மின்சாரம் நின்றுவிடுகிறது. அலுமாரிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன்: 'சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தால் செருகியைக் கழற்றி, பத்து எண்ணி, மீண்டும் செருகவும்.' சாவி இப்போது வாசிகசாலைப் பொறுப்பாளரிடம் இருக்கிறது.