'டான்' என்றால் அதிகாலை இல்லை: எங்கே எழுதலாம், எங்கே கூடாது

போன மாதம் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, வேலையிடத்தில் தடுக்கி விழுந்ததைப் பற்றி மேற்பார்வையாளருக்கு ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணே, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டார். அதில் 'அட் டான் (at dawn), 5 ஏ.எம்.' என்று இருந்தது. இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சிங்கப்பூரில் காலை 5 மணிக்குக் கும்மிருட்டு. டான் என்று படிப்பவர் ஓரளவு வெளிச்சம் இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார், தம்பி விழுந்ததோ வெளிச்சமே இல்லாததால். ஒரே ஒரு சொல் காரணத்தையே மறைத்துவிடுகிறது, அதனால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன்.

நம் பள்ளிப்பாடத்தில் டான் என்றால் அதிகாலை என்று மனப்பாடம் செய்துவிட்டோம். அதிகாலை என்பது மணியைப் பார்த்துச் சொல்வது, 3 மணி, 4 மணி, 5 மணி எல்லாமே நமக்கு அதிகாலைதான். டான் வானத்தைப் பார்த்துச் சொல்வது. கிழக்கு வெளுக்கும் நேரம், அதாவது விடியல், பொழுது புலர்வது. சூரியன் மேலே வந்துவிட்டால் அது சன்ரைஸ். அதற்குச் சற்று முன்னால், விளக்கு போடாமலே எதிரில் வருபவர் முகம் தெரியத் தொடங்குகிறதே, அதுதான் டான்.

இது ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் மே கடைசியில் 5.45-க்கெல்லாம் சூரியன் வந்துவிடும். லண்டனில் ஜூன் மாதம் 5 மணிக்கு முன்பே உதித்துவிடும், டிசம்பர் கடைசியில் 8 மணி ஆகிவிடும். அதனால் ஆங்கிலக் கதையில் ஒருவர் டான் நேரத்தில் எழுந்தார் என்றால் எந்த மாதம் என்று தெரியாமல் மணி சொல்ல முடியாது. சிங்கப்பூரில் அந்தக் குழப்பம் இல்லை, ஆண்டு முழுவதும் சூரிய உதயம் ஏறக்குறைய 6.45-க்கும் 7.15-க்கும் இடையில்தான். (பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊருக்கு இது தாமதம்தான். 1982 ஜனவரி 1 முதல் மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் நகர்த்தியதும் அதற்கு ஒரு காரணம்.) ஆக, இங்கே டான் என்று எழுதினால் ஏறக்குறைய 6.20 முதல் 7 மணி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பேருந்துக்காக 6 மணிக்குப் அடுக்குமாடி புளோக்கின் கீழே நிற்கும் பிள்ளை நிற்பது 'பிஃபோர் டான்'. லாரியில் துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் வேலைக்குக் கிளம்புகிறவர்களும் பெரும்பாலும் அப்படித்தான். நள்ளிரவு தாண்டி 1 மணியிலிருந்து 4 மணிவரை நடந்ததை 'இன் தி ஸ்மால் ஹவர்ஸ்' அல்லது 'இன் தி ஏர்லி ஹவர்ஸ்' என்று எழுதுங்கள். தைப்பூசத்தில் இரவெல்லாம் விழித்துப் பால்குடம் எடுத்ததைப் பற்றி எழுதும்போது இது ரொம்பவே உதவும்.

தம்பியின் வரியை நான் இப்படி மாற்றினேன்: 'பிஃபோர் டான், அட் அபவுட் 5 ஏ.எம்., வென் இட் வாஸ் ஸ்டில் டார்க்'. இருட்டு உள்ளே வந்துவிட்டது.

டானுக்கு முன்னால் 'அட்' வரும், நடுவில் 'தி' வராது: 'அட் டான்', 'பிஃபோர் டான்', 'ஃப்ரம் டான் டு டஸ்க்'. 'இன் தி மார்னிங்' பழக்கத்தில் 'இன் தி டான்' என்று எழுதிவிடாதீர்கள். அதே மூச்சில் இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவை நம் தமிழிலிருந்து நேராக இறங்கிவருபவை. இன்று காலை என்பதை 'டுடே மார்னிங்' என்கிறோம், 'திஸ் மார்னிங்' என்பதே சரி. காலையிலேயே வந்துவிட்டேன் என்பதில் உள்ள ஏகாரத்தை 'இட்செல்ஃப்' ஆக்கி 'மார்னிங் இட்செல்ஃப் ஐ கேம்' என்கிறோம், அதற்கு 'ஐ கேம் ஏர்லி இன் தி மார்னிங்' போதும். '5 ஏ.எம். இன் தி மார்னிங்' என்பதில் காலை இரண்டு முறை வருகிறது, ஒன்றை எடுத்துவிடுங்கள்.

'தி கிராக் ஆஃப் டான்' மட்டும் தனி ரகம். இதில் 'தி' உண்டு, வானத்தைப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை, சேவல் கூவும்முன் எழுந்தேன் என்று நாம் சற்று மிகைப்படுத்திச் சொல்வதுபோல. நண்பருக்கு எழுதும் செய்தியில் அழகாக இருக்கும், வேலைக் குறிப்பில் வேண்டாம்.

வினைச்சொல்லாக வரும்போதுதான் எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடிக்கும். உண்மையில் வினைச்சொல்தான் முதலில் வந்தது, பகலைக் குறிக்கும் 'டே'யின் வேரிலிருந்து. பெயர்ச்சொல் பிறகு வந்தது. 'இட் டான்ட் ஆன் மீ' (it dawned on me) என்றால் எனக்கு அப்போதுதான் உறைத்தது. கவனியுங்கள், நான் உறைத்தேன் என்று நாம் சொல்வதில்லை, எனக்கு உறைத்தது என்கிறோம். ஆங்கிலத்திலும் 'ஐ டான்ட்' (I dawned) கிடையாது. தமிழ் தெரிந்தவருக்கு இது தானாகவே வந்துவிடும். பர்ஸை மறந்தது கோப்பிக்கடையில் காசு கொடுக்கும்போது தெரியவந்தால், 'இட் டான்ட் ஆன் மீ தட் ஐ ஹாட் லெஃப்ட் மை வாலட் அட் ஹோம்'. பொறி தட்டியதுபோலச் சட்டென்று தோன்றிய யோசனைக்கு 'இட் ஸ்ட்ரக் மீ' பொருத்தம், டானில் இருள் விலகுவதுபோல ஒரு மெதுவான தன்மை இருக்கிறது.

உச்சரிப்பு: 'லா', 'சா' என்று சட்டத்துக்கும் ரம்பத்துக்கும் சொல்வோமே, அந்த ஒலியை உதட்டைக் குவித்து நீட்டுங்கள். குறுக்கினால் தாதாவைக் குறிக்கும் 'டான்' ஆகிவிடும், எழுத்தைப் பார்த்து 'டவுன்' என்று படித்தால் கீழே என்று அர்த்தம். தம்பி இரண்டு நாள் எம்ஆர்டி ரயிலில் போகும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தாராம், இப்போது சரியாகச் சொல்கிறார்.