நாலு போர்ஷன், ஒரு சம்ப்: வாடகை வீட்டில் தண்ணீர்ச் செலவைக் குறைப்பது எப்படி?

சென்னை மடிப்பாக்கத்தில் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நாலு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஒரு போர்வெல், தரைக்கடியில் ஒரு சம்ப் தொட்டி, மொட்டை மாடியில் 2,000 லிட்டர் டேங்க் ஒன்று. சித்திரை பிறந்தால் போர் காற்றை இழுக்க ஆரம்பிக்கும், லாரி வரும், லாரிக் காசை யார் எவ்வளவு கொடுப்பது என்று மாடிப்படியில் பஞ்சாயத்து தொடங்கும். ஒரு வருஷம் கீழ் போர்ஷன் அக்காவிடம், "வாஷிங் மெஷினை வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் போடுங்களேன்" என்று சொல்லியே விட்டேன். "நாங்க போடுறதே ரெண்டு நாள்தான் தம்பி" என்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதனால் யார் அதிகம் செலவழிக்கிறார்கள் என்று ஆராய்வதை விடுங்கள், முதலில் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். இரவு 11 மணிக்கு மோட்டாரை நிறுத்திவிட்டு டேங்கில் குச்சியை விட்டு மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், விடிகாலை 4 மணிக்கு, யாரும் எழுந்திருக்கும் முன், மறுபடி பாருங்கள். டேங்கின் குறுக்களவு 1.3 மீட்டர் என்றால் ஒரு செ.மீ. இறங்கினாலே 13 லிட்டர் போயிருக்கிறது. ராத்திரி யாராவது ஒருமுறை பாத்ரூம் போயிருப்பார்கள், அது இரண்டு மூன்று செ.மீ. தாண்டாது. எட்டு, பத்து செ.மீ. இறங்கியிருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது.

எங்கே என்று கேட்டால், பெரும்பாலும் ஃப்ளஷ் டேங்க்தான். சொட்டுகிற குழாய் கண்ணுக்குத் தெரியும், இது சத்தமே இல்லாமல் பீங்கானை ஒட்டிக்கொண்டு இறங்கும். மூடியைத் திறந்து சொட்டு நீலம் கொஞ்சம் ஊற்றி அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே நீலம் தெரிந்தால் வாஷர் போய்விட்டது. போர் தண்ணீரில் உப்பு படிந்து இந்த ரப்பர் சீக்கிரம் கெட்டியாகிவிடும், நான் வருஷத்துக்கு ஒருமுறை நாலு வீட்டிலும் மாற்றிவிடுகிறேன்.

என் வீட்டுக் கதை வேறு. ராத்திரி டெஸ்டில் ஒன்றும் இறங்கவில்லை, ஆனால் சம்ப் மட்டும் காலியாகிக்கொண்டே இருந்தது. ஒருநாள் மத்தியானம் துணி எடுக்க மாடிக்குப் போனவன், நல்ல வெயிலில் மழைநீர்க் குழாய்க்குள் சலசலவென்று சத்தம் கேட்டு அப்படியே நின்றுவிட்டேன். டேங்கின் ஓவர்ஃப்ளோ பைப்பை பிளம்பர் பார்க்க நீட்டாக இருக்கட்டும் என்று மழைநீர்க் குழாயோடு சேர்த்து ஒட்டியிருக்கிறார். மோட்டாரைப் போட்டவர் மறந்துபோனால் டேங்க் நிரம்பி வழிவது யாருக்குமே தெரியாது, லாரித் தண்ணீர் நேராகத் தெருவுக்குப் போய்விடும். அன்றைக்கே அந்த பைப்பை வெட்டி, படிக்கட்டுக்கு மேலே இருக்கிற தகர ஷீட்டின் மேல் விழும்படி திருப்பிவிட்டேன். இப்போது வழிந்தால் தெருவுக்கே கேட்கும், யாராவது ஓடிப்போய் ஆஃப் செய்துவிடுகிறார்கள். அப்புறம் ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலரும் போட்டேன்: மேலே நிரம்பினால் நிற்கும், சம்ப் காலியானாலும் நிற்கும். இரண்டாவதுதான் முக்கியம், தண்ணீர் இல்லாமல் ஓடிக் கருகிய மோட்டாருக்குக் காயில் கட்டிய செலவு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

லாரி வரும்போது சும்மா நிற்காதீர்கள். சம்ப்பின் உள் நீளம், அகலத்தை அடிக்கணக்கில் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன அடி என்றால் 28.3 லிட்டர். 8-க்கு 6 சம்ப்பில் ஓர் அடி ஏறினால் சுமார் 1,360 லிட்டர், ஆக 6,000 லிட்டர் லோடு உண்மையிலேயே 6,000 என்றால் மட்டம் கிட்டத்தட்ட 4 அடி 5 அங்குலம் ஏற வேண்டும். மோட்டாரை நிறுத்திவிட்டு முன்னும் பின்னும் குச்சி போட்டுப் பாருங்கள். நீங்கள் அளக்கிறீர்கள் என்று தெரிந்தாலே டிரைவர் கடைசிச் சொட்டுவரை இறக்கிவிட்டுத்தான் போவார்.

சரி, பங்கு போடுவது. போர்ஷனுக்கு ஒரு மீட்டர் வைக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். பழைய வீடுகளில் கிச்சனுக்கு ஒன்று, பாத்ரூமுக்கு ஒன்று என்று டேங்கிலிருந்து தனித்தனி லைன் இறங்கும், அதுவும் கீழ் வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் பொதுவாக. லைனைப் பிரிக்காமல் மீட்டர் வைத்துப் பிரயோஜனமில்லை. போதாக்குறைக்கு, மீட்டர் வைத்தால் மாடி வீட்டில் ஷவர் வேகம் குறையும். நான் எளிய வழிக்கு வந்துவிட்டேன்: மோட்டார் கரண்டு நாலு வீட்டுக்கும் சமம், லாரிக் காசு தலைக்கு இவ்வளவு, மெட்ரோ வாட்டர் வரி என்னுடையது. லாரி பில்லை வாட்ஸப் குரூப்பில் அன்றைக்கே போட்டுவிடுவேன். இதையெல்லாம் அக்ரிமென்டிலேயே எழுதிவிடுங்கள், வாயால் பேசியது மே மாதம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ரிப்பேர் யார் செலவு என்பதற்கு, 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் பட்டியலே இருக்கிறது. பைப் மாற்றுவது உரிமையாளர் வேலை. குழாய், வாஷர், வாஷ்பேசின் போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் வேலை. ஆனால் தண்ணீர் பொதுவாக இருக்கிற வீட்டில் வாஷரை அவர்கள் தலையில் கட்டாதீர்கள் என்பேன். ஒரு வீட்டில் மாற்றாமல் விட்டால் நஷ்டம் நாலு வீட்டுக்கும். இன்னொன்று, வாடகை பாக்கி என்று தண்ணீர் வால்வை மூடுகிற வேலையே வேண்டாம், அது அதே சட்டப்படி தப்பு.

சம்ப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட விட்ட பிறகுதான் ஆளை இறக்க வேண்டும், மேலே ஒருவர் பேச்சுக் கொடுத்தபடி நிற்க வேண்டும், பெட்ரோல் பம்ப்பை உள்ளே இறக்கவே கூடாது. மூடிக்கிடந்த சம்ப்பில் மூச்சுத்திணறி ஆள் செத்த செய்தி அடிக்கடி வருகிறது. மழைநீர்த் தொட்டியில் இருக்கிற ஜல்லியையும் கரியையும் புரட்டாசியிலேயே வெளியே எடுத்து அலசிவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அந்த வேலைக்கு ஆள் கிடைக்காது, போருக்குப் போக வேண்டிய தண்ணீர் வாசலில் தேங்கி நிற்கும்.