வீட்டுச் சிமுலேட்டரில் பி-17: முதல் இன்ஜின் முடுக்கத்திலிருந்து முதல் தரையிறக்கம் வரை

இரண்டாம் உலகப் போர்க்காலக் குண்டுவீச்சு விமானங்களில் ஒன்றை வீட்டுக் கணினியில் ஓட்டிப் பழக விரும்புகிறவருக்கு, போயிங் பி-17 விமானத்தையே நான் முதலில் பரிந்துரைப்பேன். வானில் அது நிதானமானது. கையை எடுத்தாலும் சற்று நேரம் தன் வழியில் நேராகப் போகும். அதன் கடினம் தரையில் ஓட்டுவதிலும் நான்கு இன்ஜின்களைப் பேணுவதிலும் இருக்கிறது. பத்துப் பேர் கொண்ட குழுவில் இரண்டு விமானிகள் பங்கிட்டுச் செய்த வேலையை வீட்டில் ஒருவரே செய்ய வேண்டியிருப்பதால், எந்தக் கருவியை எப்போது, எதற்குப் பின் தொடுவது என்ற வரிசைதான் இங்கே முதற்பாடம்.

இந்த வரிசைக்கும் இந்த விமானத்துக்கும் பழைய உறவு உண்டு. பி-17 வகையின் முதல் மாதிரியான மாடல் 299, 1935 ஜூலை 28 அன்று சியாட்டில் நகரின் போயிங் ஃபீல்டிலிருந்து முதன்முறையாகப் பறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று ஒஹாயோ மாநிலத்தின் ரைட் ஃபீல்டில், தரையில் நிற்கும்போது காற்று ஆட்டிவிடாதபடி மூக்கை மேலும் கீழும் அசைக்கும் எலிவேட்டர் முதலிய பரப்புகளைப் பிடித்துவைக்கும் பூட்டு விடுவிக்கப்படாமலே அது கிளம்பியது. செங்குத்தாக ஏறி, வேகம் இழந்து, விழுந்து எரிந்தது. ராணுவ விமானி மேஜர் பிளாயர் ஹில், போயிங் சோதனை விமானி லெஸ்லி டவர் ஆகிய இருவரும் உயிரிழந்தனர். அனுபவம் மிக்க கைகளும் மறந்துபோகக்கூடிய அளவுக்கு வேலைகள் பெருகிவிட்டன என்பதை உணர்ந்த பின்னரே, விமானிகள் எழுதிவைத்த சரிபார்ப்புப் பட்டியலைப் படித்துச் செயல்படும் வழக்கம் அங்கே வேரூன்றியது. ஆகவே உங்கள் விமானத்தோடு வந்த பட்டியலைத் தாளில் அச்சிட்டு மேசைமேல் வையுங்கள். திரையில் தோன்றும் பட்டியல் விமானக் கருவிகளை மறைத்துவிடும், தாள் மறைக்காது.

சிமுலேட்டர் எதுவானாலும், இன்ஜின் சேதத்தை உண்மையாகக் காட்டும் பி-17 மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எஃப்எஸ்எக்ஸ் (மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்) காலத்தில் ஏ2ஏ நிறுவனம் வெளியிட்ட மாதிரி, சூடேறிய இன்ஜின் தேய்வதையும் பழுதாவதையும் காட்டியதால், அதில் பழகியவர்களுக்கு நல்ல கைப்பழக்கம் படிந்தது. சேதத்தை அணைத்துவிட்டுப் பழகினால் தவறான பழக்கமே வளரும். கருவிகளில், கால்மிதிகளுக்கே முதலில் செலவிடச் சொல்வேன். வால் சக்கர விமானத்தைத் தரையில் நேராக ஓட்டுவது முழுக்கக் கால்களின் வேலை. மிதிகள் இல்லாதவர்கள் முறுக்கக்கூடிய ஜாய்ஸ்டிக்கை வைத்துக்கொண்டு, அதன் நடுப்பகுதி உணர்திறனைக் குறைத்துக்கொள்ளலாம். மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பரப்பான சுக்கானைச் சிமுலேட்டரே இயக்கும் தானியங்கி உதவியை அணைத்துவிடுங்கள். இன்னொன்று: இந்த விமானத்தின் வேகமானி நாட் (மணிக்குக் கடல் மைல்) கணக்கில் அல்ல, மணிக்கு மைல் கணக்கில் காட்டுகிறது. இங்கே நான் தரும் வேகங்களும் மைலிலேயே உள்ளன.

பழகுவதற்கு அதன் பிறப்பிடமான போயிங் ஃபீல்டே மிகப் பொருத்தம். நீண்ட ஓடுபாதை சுமார் 3,000 மீட்டர் இருப்பதால், புதியவரின் தவறுகளுக்கு அங்கே இடம் உண்டு. தென்கிழக்கில் ரெய்னியர் மலை தெரியும் தெளிந்த பகல் நேரத்தையும் காற்றில்லாத வானிலையையும் தேர்ந்தெடுங்கள். குண்டுகள் வேண்டாம். வெற்று எடையே ஏறத்தாழ 36,000 பவுண்டு. போரில் இது 65,000 பவுண்டையும் தொட்டிருக்கிறது. பயண வேகத்தில் நான்கு இன்ஜின்களும் சேர்ந்து மணிக்குச் சுமார் 200 கேலன் எரிபொருள் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 600 கேலன் ஒரு பயிற்சிக்குத் தாராளம்.

முதல் நாள் இன்ஜினை முடுக்கவே வேண்டாம். விமானி அறையில் அமர்ந்து ஒவ்வொரு கருவியையும் கண்ணால் தேடிக் கண்டுபிடியுங்கள். நடுவிலுள்ள த்ராட்டில்களை, அதாவது இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்களைக் கவனியுங்கள்: ஒரே கைப்பிடிப்பில் நான்கையும் சேர்த்து நகர்த்தலாம், பிடியை மாற்றினால் வெளி இன்ஜின்கள் இரண்டையோ உள் இன்ஜின்கள் இரண்டையோ மட்டும் நகர்த்தலாம். இந்த அமைப்பைப் புரிந்துகொண்டு, உங்கள் வீட்டுத் த்ராட்டிலிலும் குறைந்தபட்சம் இடப்பக்கம், வலப்பக்கம் என இரண்டு நெம்புகோல்களுக்காவது பிரித்து ஒதுக்குங்கள். ஒரே நெம்புகோலில் நான்கையும் கட்டிவிட்டால் இந்த விமானத்தின் பாதிப் பாடத்தை இழந்துவிடுவீர்கள்.

ஒன்பது உருளைகள் வட்டமாக அமைந்த ரைட் சைக்ளோன் ரேடியல் இன்ஜின் ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறன் தரும். நின்றிருக்கும் ரேடியல் இன்ஜினின் கீழ் உருளைகளில் எண்ணெய் வடிந்து தேங்கும் என்பதால், முடுக்குவதற்கு முன் புரொப்பெல்லரைக் கையால் சுழற்றி அதை வெளியேற்றுவார்கள். உங்கள் மாதிரியில் அந்த வசதி இருந்தால் தவறாமல் செய்யுங்கள். பின்பு ஸ்டார்ட் பொத்தானைப் பத்துப் பன்னிரண்டு விநாடி அழுத்திப் பிடிக்கையில், உள்ளே ஒரு கனச்சக்கரம் சீற்றத்துடன் வேகமெடுப்பது கேட்கும். அது உச்சத்தை எட்டியதும் மெஷ் பொத்தானை அழுத்தினால் அந்தச் சக்தி இன்ஜினைச் சுழற்றும். இன்ஜின் வெடிச்சத்தத்துடன் பிடித்துக்கொண்ட பிறகே, காற்றோடு சேரும் எரிபொருளின் அளவை மாற்றும் கலவை நெம்புகோலை ஆட்டோ ரிச் என்ற எரிபொருள் மிகுந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். முன்பே கொண்டுவந்தால் எரிபொருள் வழிந்து தீப்பிடிக்கலாம். எண்ணெய் அழுத்தம் 30 விநாடிக்குள் ஏறாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். நான்கும் ஓடத் தொடங்கியதும், இன்ஜினைக் குளிர்விக்கும் காற்றுக்கு வழிவிடும் கௌல் ஃப்ளாப் மடல்களை முழுதும் திறந்துவைத்து, நிமிடத்துக்கு 1,000 சுற்றில் சூடேறவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள்.

தரையில் ஓட்டும்போது பிரேக்கை நம்பாதீர்கள். வால் சக்கரப் பூட்டை விடுவித்துவிட்டு, திரும்ப வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்க வெளி இன்ஜினுக்குச் சற்று விசை கொடுத்தால் மூக்கு மெல்லத் திரும்பும்; திரும்பி முடிவதற்கு முன்பே விசையைக் குறைத்துவிட வேண்டும், ஏனெனில் இவ்வளவு பெரிய உடல் தொடங்கிய சுழற்சியைத் தானாக நிறுத்திக்கொள்ளாது. என் முதல் சில மாலைகளை ஓடுபாதைக்கே போகாமல், இணைப்புப் பாதைகளில் மட்டும் சுற்றிவருவதில் செலவிட்டேன். பின்னாளில் தரையிறக்கம் கைவந்தது அந்த மாலைகளால்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான வரிசை. விசையைக் கூட்டும்போது முதலில் கலவை, அடுத்து சுற்றுவேகம், அதன் பின் த்ராட்டில், கடைசியில் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் டர்போ. குறைக்கும்போது இதையே தலைகீழாக: டர்போ, த்ராட்டில், சுற்றுவேகம், கலவை. சுற்றுவேகம் குறைவாக இருக்கும்போது மேனிஃபோல்ட் அழுத்தத்தை (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்; பாதரச அங்குலத்தில் அளப்பது) ஏற்றினால், மெதுவாக இயங்கும் பிஸ்டன்களின் மேல் அளவுக்கு மீறிய அழுத்தம் விழுந்து, எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடித்து உருளைகளைச் சிதைக்கும். சைக்கிளில் மேட்டில் ஏறும்போது பெரிய கியரில் மிதித்தால் முழங்கால் படும் பாடு இங்கே இன்ஜினுக்கு நேர்கிறது. இந்த நான்கு சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கையை நகர்த்துங்கள். ஒரு வாரத்தில் கை தானாகவே அந்த வரிசையில் போகும்.

இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோக்களைச் சோதிக்கையில் சுற்று 100க்கு மேல் குறைந்தால் கிளம்ப வேண்டாம். ஓடுபாதையில் நுழைந்ததும் சில மீட்டர் நேராக உருண்டு, வால் சக்கரம் நேரானபின் அதைப் பூட்டுங்கள். விமானத்தைக் கை அழுத்தமின்றி நிலையாக வைக்கும் டிரிம்கள் பூச்சியத்தில், இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃப்ளாப்கள் மேலே, கலவை ஆட்டோ ரிச், சுற்றுவேகம் 2,500. பின்னாளைய பி-17ஜி ரகத்தில் டர்போவுக்கு 10 வரை எண்ணிட்ட ஒரே குமிழ் உண்டு; கிளம்புவதற்கு அதை 8இல் வைப்பார்கள். த்ராட்டில்களை ஒரே மூச்சில் தள்ளிவிடாமல், பத்து விநாடி எடுத்துக்கொண்டு மேனிஃபோல்ட் அழுத்தத்தை 46 அங்குலம் வரை ஏற்றுங்கள். நான்கு புரொப்பெல்லர்களும் ஒரே திசையில் சுழல்வதால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வேகம் கூடிச் சுக்கானுக்குக் காற்றின் பிடிப்பு கிடைக்கும் வரை, இடப்பக்க வெளி இன்ஜினைச் சற்று முன்னால் வைத்தால் நேராகப் போகலாம். வால் தானாக எழட்டும். 110 முதல் 115 மைல் வேகத்தில் லேசாக இழுத்தால் விமானம் தரையை விடும். சக்கரங்களைப் பிரேக்கால் நிறுத்தி மேலே ஏற்றிய பின், வரிசை மாறாமல் 38 அங்குலம், 2,300 சுற்று என்ற ஏறு விசைக்கு வாருங்கள்.

140 மைல் வேகத்தில் ஏறும்போது பார்வை அடிக்கடி உருளைத் தலை வெப்பமானிக்குப் போக வேண்டும். அது 205 டிகிரி செல்சியஸை நெருங்கினால் கௌல் ஃப்ளாப்களைச் சற்றுத் திறக்கலாம். முழுதும் திறந்தால் காற்றின் எதிர்ப்பு கூடி வேகம் குறைய, வெப்பம் மறுபடி ஏறும். அதைவிட மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டுவது மேல். சுமார் 5,000 அடியில் சமனாகி, 30 அங்குலம், 2,000 சுற்று என்ற அளவில் டிரிம் செய்துவிட்டால் பறப்பதில் சொல்லித்தரப் பெரிதாக ஒன்றுமில்லை.

தரையிறக்கத்தின் தவறுகள் பெரும்பாலும் ஐந்து மைல் தள்ளியே தொடங்குகின்றன. இந்த விமானம் எளிதில் வேகம் குறையாது. உயரத்தையும் வேகத்தையும் ஒரே நேரத்தில் உதற முடியாது. ஆகவே ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போகும்போதே 140 மைலுக்குள் வந்து, சக்கரங்களை இறக்குங்கள். அவை மின்மோட்டாரால் நிதானமாக இறங்கும். ஜன்னல் வழியே கண்ணாலும் பார்த்து உறுதிசெய்யுங்கள். வால் சக்கரம் பூட்டியிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். ஃப்ளாப்களை மூன்றில் ஒரு பங்கு இறக்கித் திரும்பி, ஓடுபாதை நேரானதும் முழுதும் இறக்கி, 120 மைலைப் பிடித்து வாருங்கள். விளிம்பைக் கடக்கையில் 110. முதன்மைச் சக்கரங்கள் தரையைத் தொட்டதும் ஜாய்ஸ்டிக்கை இழுக்காமல் நேராக ஓடவிட்டு, வால் தானாக அமர்ந்த பிறகே பின்னால் இழுத்து வையுங்கள். துள்ளினால் சண்டையிடாமல் விசை கொடுத்து மறுசுற்று போய்விடுங்கள்.

பத்துச் சுற்றுகள் பிசகின்றி முடிந்த பின், 6,000 அடியில் ஒரு வெளி இன்ஜினை நிறுத்திப் பாருங்கள். மூக்கு நின்றுபோன இன்ஜின் பக்கம் சாயும். எதிர்க்காலால் சுக்கானை மிதித்து நேராக்கி, எது நின்றது என்பதைக் கருவிகளில் உறுதிசெய்துகொண்டு, அந்த எண்ணின் ஃபெதர் பொத்தானை அழுத்தினால் புரொப்பெல்லர் இதழ்கள் காற்றோட்டத்துக்கு இணையாகத் திரும்பி நிற்கும். அவசரத்தில் தவறான பொத்தானை அழுத்துவதுதான் இங்கே பெரிய ஆபத்து என்பதால், அழுத்துமுன் எண்ணை உரக்கச் சொல்லுங்கள்.

தரைக்கு வந்தபின் இன்ஜின்களைச் சற்று ஆறவிட்டு, கலவையை மூடி ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். பிறகு கட்டுப்பாட்டுப் பூட்டைப் போட்டு, மேசைமேல் உள்ள தாளில் அதை விடுவிக்கச் சொல்லும் வரி எங்கே இருக்கிறது என்று பார்த்துக் குறியிட்டு வையுங்கள்.