புது கிட்டாருக்குப் பழைய முகம்: என் அனுபவம்

என் புது ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை எலெக்ட்ரிக் கிட்டார் 1960-களில் செய்ததுபோல இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, உப்புத்தாளால் கண்ட இடமெல்லாம் தேய்த்துவிட்டேன். பழசாகத் தெரியவில்லை, காயம்பட்டதுபோல இருந்தது. மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

பூச்சுதான் காரணம். அந்தக் காலத்துப் பூச்சான நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் மெல்லியது. வருஷம் போகப்போக மஞ்சளாகும், மயிரிழையாக வெடிக்கும். என் கிட்டாரில் இருப்பது தடித்த பாலியெஸ்டர் பூச்சு. அது லேசில் தேயாது, அடிபட்டால் சில்லாகப் பெயரும்.

சரி, கை எங்கே படுகிறது என்று வாசித்துப் பார்த்தேன். வலது முன்னங்கை உரசும் மேல் விளிம்பில் மட்டும் மரம் தெரிய விட்டேன். அதன் ஓரத்தில் பூச்சு சட்டென முடியாமல் கரைந்து போகும்படி 400-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி (எண் கூடக்கூடத் தாள் நைசாகும்) 2000 வரை தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். இதற்கே மூன்று மாலைகள். வெளுத்த மரத்தில் பழுப்புச் சாயத்தைத் துணியால் ஒற்றியதும் வியர்வை ஊறிய நிறம் வந்துவிட்டது! மற்ற கீறல்களை மெருகேற்றி மறைத்தேன்.

அப்புறம், ஒலியைக் கூட்டிக் குறைக்கத் திருகும் வெள்ளைக் குமிழ்களைப் பழுப்பேற அடர்த்தியான டீயில் ஓர் இரவு ஊறவைத்தேன். நிக்கல் திருகாணிகளின் பளபளப்பு மங்க, மூடிய டப்பாவில் வினிகர் ஆவி மட்டும் காட்டினேன். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.