செல்ஃப் எடுக்காத பழைய டிராக்டர்: புது பேட்டரிக்கு முன் எர்த்தைப் பாருங்கள்

பாலக்கோடு பக்கம் தக்காளிக்கு ஓட்டும் நேரத்தில் டிராக்டர் படுத்துக்கொண்டால் அந்த வேதனை உழவனுக்குத்தான் தெரியும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் (எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார்) சுற்றாமல் 'டக்' என்று ஒரே சத்தம். பேட்டரி போச்சு என்று நானும் புதிதாக வாங்கிப் போட்டேன், குறை எர்த் ஒயரில் (பேட்டரியை எஞ்சின் இரும்போடு இணைக்கும் ஒயர்) இருந்தது. நீங்களாவது அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் போதும். வண்டி நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் போடுங்கள். அப்புறம் கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் பிடிக்காதபடி ஸ்டாப் கம்பியை இழுத்துக்கொண்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் குமிழிலும் (கிளாம்பில் வேண்டாம்) இன்னொன்றை எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. ஒயரைக் கழற்றி, அதன் முனையில் உள்ள லக்கையும் (உலோக வளையம்) அது உட்காரும் இடத்தையும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். மிகப் பழைய சில வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த், அதைப் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஃப்யூஸ் அடிக்கடி போகிறதா? தயவுசெய்து கம்பியைச் சுற்றி வைக்காதீர்கள், ஒயர் மொத்தமும் எரியும். அந்த லைனில் உள்ள பல்புகளைக் கழற்றிவிட்டு, ஃப்யூஸ் இருந்த இடத்தில் ஒரு 21 வாட் பல்பை ஒயர் வைத்து மாட்டி, சுவிட்சைப் போடுங்கள். பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. இனி ஒயரை அடி அடியாக அசைத்துக்கொண்டே போனால், பல்பு மினுக்கும் இடத்தில் குறை. மட்கார்டு ஓரம், டேஷ்போர்டுக்கு அடியில், டிரெய்லர் பிளக், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். கொட்டகையில் நிற்கும் வண்டி என்றால் எலி கடித்திருக்கும்.

சார்ஜ் ஏறவில்லை என்றால் எஞ்சினைப் பாதி ரேஸில் ஓடவிட்டு, பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் முதலில் பெல்ட் தளர்வு, அடுத்து ஆல்டர்னேட்டரின் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) பின்பக்க ஒயர், அப்புறம்தான் ஆல்டர்னேட்டரையே பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது, அதில் ஆல்டர்னேட்டரின் டயோடு போய்விடும், கண்டிப்பாக வேண்டாம்.

ஒயர் மாற்றும் முன் எர்த் டெர்மினலைக் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். புது ஒயர் பழையதைவிடச் சன்னமாக இருக்கக்கூடாது. தகட்டு ஓட்டை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் புஷ் போடுங்கள். டேப் மட்டும் சுற்றினால் எஞ்சின் சூட்டில் பசை விட்டுவிடும், இணைப்பை ஈயம் வைத்துப் பற்றி அதன்மேல் ஸ்லீவ் (ஒயரை மூடும் குழாய்) ஏற்றுங்கள்.